மார்ச் 10-க்குப் பிறகு

வாத்துகளைப் படமெடுப்பவர்களுக்கு வசந்தம்தான் சீசன். வட அமெரிக்காவில் ஏரிகளின் பனி உடையத் தொடங்கியதும், தெற்கே குளிர்காலத்தைக் கழித்த ஊசிவால் வாத்துகளும் மல்லார்டுகளும் கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பும். ஆண் வாத்து அப்போது முழு வண்ணத்தில் இருக்கும். மல்லார்டின் தலையில் வெயில் பட்டால் பச்சை மின்னும். கொஞ்சம் திரும்பினால் அதே பச்சை ஊதாவாகத் தெரியும். கோடையில் இதெல்லாம் உதிர்ந்து ஆணும் பெட்டையைப் போலப் பழுப்பாகிவிடும். அதற்குள் எடுத்தால்தான் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வாத்துகளில் பல இனங்கள் குளிர்கால நீர்நிலையிலேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. வசந்தத்தில் பெட்டை தான் பொரிந்த பகுதியைத் தேடித் திரும்பும். ஆண் அதன் பின்னாலேயே போகும். வழியில் இறங்குகிற ஒவ்வொரு குட்டையிலும் கழுத்தை நீட்டுவது, தலையை ஆட்டுவது, போட்டிக்கு வருபவனைத் துரத்துவது என்று ஒரே அமர்க்களம். படக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கூட்டங்களுக்காகக் கரையில் காத்திருந்தவை துப்பாக்கிகள். சந்தைக்காகச் சுடுகிற தொழில் வேட்டைக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக வாத்துகளைப் பெருநகர உணவகங்களுக்கு அனுப்பினார்கள். இலையுதிர்காலத்தில் சுட்டால் அந்த வருடம் பொரித்த குஞ்சுகளும் கூட்டத்தில் கலந்திருக்கும். அவற்றில் ஒரு பங்கு எப்படியும் குளிரில் சாகப்போகிறவை. வசந்தத்தில் பறப்பவை குளிரைத் தாண்டிப் பிழைத்தவை. இன்னும் சில வாரங்களில் முட்டையிடப் போகிறவை. மார்ச் மாதம் ஒரு பெட்டையைச் சுட்டால் ஏழெட்டுக் குஞ்சுகளும் சேர்ந்து போயின.

இது வேட்டைக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைய சட்டப்படி காட்டுயிர் அந்தந்த மாநிலத்தின் சொத்து. வாத்தோ ஒரு வசந்தத்தில் பல மாநிலங்களைக் கடக்கிறது. ஒரு மாநிலம் தடை போட்டால், ‘நாம விட்டா பக்கத்து மாநிலத்துக்காரன் அடிச்சிடப் போறான்’ என்ற பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் பொய்யும் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முதலில் முயன்றவர் ஜார்ஜ் ஷைராஸ். 1859-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி. மகனும் வழக்கறிஞர், ஆனால் மனசெல்லாம் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே ஒரு ஏரிக்கரையில். அங்கே சிறுவயதிலிருந்தே மான் வேட்டையாடியவர், முப்பது வயதை ஒட்டித் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்.

அவருடைய முறை ஒஜிப்வே பழங்குடிகளிடமிருந்து வந்தது. இரவில் ஓசையில்லாமல் படகைச் செலுத்துவார்கள். முகப்பில் ஒரு விளக்கு எரியும். நீர் குடிக்க வந்த மான் வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும். இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் மினுங்கும். வேட்டைக்காரன் அந்தக் கண்களை வைத்துக் குறிபார்ப்பான். ஷைராஸ் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவையும் மக்னீசியம் வெடிப்பொடியையும் வைத்தார். மற்றபடி எல்லாம் அதேதான். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. பத்திரிகையைப் படப்புத்தகம் ஆக்கிவிட்டார்கள் என்று கோபித்து நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் விலகினார்கள். 1935-இல் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதிகளின் தலைப்பிலும் ‘வேட்டை’ என்ற சொல் இருக்கிறது. கேமரா வந்தபிறகும் அவர் தன்னை வேட்டைக்காரராகவே நினைத்தார்.

ஒரே ஒரு தவணை நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தார். 1904 டிசம்பரில் அவர் கொண்டுவந்த மசோதாவின் சாரம் எளிமையானது: வலசை போகும் பறவை எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, அதைக் காக்கும் பொறுப்பு மத்திய அரசுடையது. மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கருத்து சாகவில்லை. 1913-இல் வேளாண் துறை நிதி மசோதாவோடு ஒட்டிக்கொண்டு வேறு இருவர் பெயரில் சட்டமானது. அதிபர் டாஃப்ட் பதவியின் கடைசி நாளான மார்ச் 4 அன்று கையெழுத்திட்டார். வசந்த வேட்டைக்குத் தடை வந்தது.

வேட்டைக்காரர்கள் சும்மா விடுவார்களா? வழக்குப் போட்டார்கள். அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு இந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று ஆர்கன்சாவிலும் கான்சஸிலும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அதற்கு அரசு கண்ட வழியை எங்கள் மென்பொருள் தொழிலில் வொர்க்கரவுண்ட் என்போம். நாடாளுமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு இருக்கலாம் அல்லவா? 1916-இல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதை அமல்படுத்த 1918-இல் புதுச் சட்டம். மிசூரி மாநிலம் எதிர்த்து வழக்காடியது. அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே தடைக்காலத்தில் வாத்து சுட்டு வனக்காவலர் ஹாலண்டிடம் பிடிபட்டிருந்தார். 1920-இல் உச்சநீதிமன்றம் ஹாலண்டின் பக்கம் நின்றது. இன்று அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற மிசூரி எதிர் ஹாலண்ட் வழக்குக்குப் பின்னால் இருப்பது சில வாத்துகள்தான்.

சட்டம் பலித்தது. அழிந்துவிடும் என்று பலர் அஞ்சிய மர வாத்தை வேட்டையாடுவதற்கு 1918 முதல் 1941 வரை முழுத் தடை இருந்தது. இன்று அது நகரப் பூங்காக் குளத்தில்கூட நீந்துகிறது, படமெடுப்பவர்களின் செல்லம். கதையை இங்கேயே முடித்தால் சுபம் போட்டுவிடலாம். பல நூல்கள் அப்படித்தான் முடிக்கின்றன.

ஆனால் 1916 ஒப்பந்தத்தைப் படித்தால் ஒரு தேதி கண்ணில் படும். மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டை கூடாது. சந்தைக்குச் சுடுகிறவனை நிறுத்தப் பொருத்தமான தேதி. அலாஸ்காவின் வடகோடியில், அன்று பாரோ என்று அழைக்கப்பட்ட ஊரில் அதே தேதிக்கு அர்த்தம் வேறு. அங்கே மே மாதத்தில்தான் கடற்பனி பிளந்து ஈடர் வாத்துகள் வரும். நீண்ட குளிருக்குப் பிறகு இனுப்பியாட் குடும்பங்களுக்குக் கிடைக்கிற புது இறைச்சி அது. சட்டம் அனுமதிக்கிற செப்டம்பரில் பெரும்பாலான பறவைகள் கிளம்பிப் போயிருக்கும். பழங்குடிகளுக்கு விலக்கே இல்லாமல் இல்லை. ஸ்கோட்டர் வாத்து, பஃபின் போன்ற சில பறவைகளை உணவுக்காக எப்போதும் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ஈடர் அந்தப் பட்டியலில் இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் யாரும் அந்தத் தேதியை அங்கே பெரிதாக அமல்படுத்தவில்லை. 1961 மே இறுதியில் வனக்காவலர்கள் வந்தார்கள். மாநில சட்டமன்ற உறுப்பினரான ஜான் நுசுங்கின்யா உட்பட இரண்டு மூன்று பேரைப் பிடித்தார்கள். அடுத்து நடந்தது ஊர் கூடிச் செய்த காரியம். 138 பேர் ஆளுக்கொரு ஈடர் வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காவலர்கள் முன் வந்து நின்றார்கள். ‘நாங்களும்தான் சுட்டோம், எங்களையும் கைது பண்ணுங்க.’ இதுதான் அவர்கள் சொன்னதன் பொருள். அத்தனை பேரை அடைக்கிற சிறை அந்த ஊரில் எங்கே இருக்கிறது? கடைசியில் வழக்குகள் கைவிடப்பட்டன. ஒப்பந்தத்தைத் திருத்த இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. 1997-இல் அமெரிக்க மேலவை திருத்தத்தை ஏற்றது. 2003-இல்தான் அலாஸ்காவில் வசந்த வேட்டை சட்டப்படி தொடங்கியது.

ஷைராஸ் குறிவைத்தது இவர்களை அல்ல. அவர் மனதில் இருந்தவர்கள் பீப்பாய்க்காரர்கள். ஆனால் அவருடைய படங்களுக்கு வழிகாட்டியது ஒரு பழங்குடியின் படகு. அவர் தொடங்கிவைத்த சட்டமோ உணவுக்குச் சுடுகிறவனையும் சந்தைக்குச் சுடுகிறவனையும் ஒரே தேதிக்குள் அடைத்தது. தேதியை முடிவு செய்த மேசையில் பாரோவிலிருந்து ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

இதற்காக 1918 சட்டமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் படமெடுக்க இத்தனை வாத்துகள் மிஞ்சியிருக்காது. கேமராவோடு நீர்க்கரையில் படுத்துக் கிடக்கும்போது ஷட்டர் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்த அமைதியை இயற்கையின் அமைதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தேதியிட்ட காகிதத்தின் அமைதி. அதற்காக ஓர் ஊர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தன் சாப்பாட்டைக் குற்றமாகச் சாப்பிட்டிருக்கிறது.