கோழி மேட்டு மண்

மிஸ்ரு என்றால் நம்மவர்களுக்கு முதலில் அல் அஸ்ஹர் ஞாபகம் வரும். அடுத்தது, 1883 முதல் 1901 வரை இங்கே நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த உராபி பாஷா. அப்புறம் பிரமிட். பிரமிட்டுக்கும் முந்திய மிஸ்ரைப் பற்றி நானும் வெகுகாலம் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரே வரிதான்: தெற்கிலிருந்து வந்த நார்மர் வடக்கை வென்றான், இரு நாடும் ஒன்றாயின. முடிஞ்சுது கதை.

அந்த வரியைச் சந்தேகிக்க வைத்தது ஒரு மண்மேடு. நைல் கழிமுகத்தின் கிழக்கே, கஸாலா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது தல் அல் ஃபர்கா. 'தல்' என்றால் மேடு. 'ஃபர்கா' என்பது மிஸ்ரிகளின் பேச்சில் கோழி. மனிதர் மண்ணால் வீடு கட்டுவர், அது இடியும், இடிந்ததன் மேலேயே அடுத்தவன் கட்டுவான். ஆயிரம் வருஷம் இப்படி நடந்தால் சமநிலத்தில் ஒரு மேடு எழும்பிவிடும். இப்படி எழுந்த மேடுகள் எத்தனையோ போய்விட்டன. பழைய மண்கல் உக்கிய மண் நல்ல பசளை. 'ஸபாக்' என்று வெட்டியெடுத்து வயலுக்குப் போட்டார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் சரித்திரம் நெல்லுக்குப் போகிற மாதிரி அங்கே கோதுமைக்குப் போயிற்று.

இந்த மேட்டை 1980களின் கடைசியில் இத்தாலியர் தோண்டத் தொடங்கினர். 1998 முதல் போலந்து ஆய்வாளர்கள் தொடர்ந்தனர். 2006 இல் தங்கத் தகடுகள் அகப்பட்டன. ஒட்டிப் பார்த்தால் இரண்டு ஆண் உருவங்கள். கண்களுக்கு நீல லாஜவர்தக் கல். அந்தக் கல் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்திருக்க வேண்டும். உலகப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான்.

என்னைப் பிடித்துக்கொண்டது தங்கம் இல்லை, சூளை. கி.மு. 3500 அளவிலேயே அங்கே பார்லி மது வடித்திருக்கிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம். பழைய மிஸ்ரில் அது சாப்பாடு, கூலியும்கூட. பெரிய மண்தொட்டிகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சுற்றிலும் நெருப்பு மூட்டி, தானியக் கூழை இளஞ்சூட்டில் வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இத்தனை தொட்டி எதற்கு? அங்கே சேகரிக்கவும் பங்கிடவும் ஆள் இருந்திருக்கிறது. நார்மருக்குச் சில நூறு வருஷம் முந்தியே!

பிறகு அந்த வடிசாலை இருந்த இடத்தில் தெற்கத்தி நகாதா பாணியில் ஒரு பெரிய கட்டிடம் எழுந்தது. அதுவும் தீயில் அழிந்தது. தீ வைத்தது யார் என்று சாம்பல் சொல்லாது. ஆனால் பானைகள் ஒரே நாளில் மாறவில்லை. கீழ் அடுக்கில் வடக்கத்திப் பானை, மேலே வர வர இரண்டும் கலந்து, கடைசியில் தெற்கத்திப் பாணி. படையெடுப்பு என்றால் இவ்வளவு மெதுவாகவா நடக்கும்? பானை மாறியதால் ஆளும் மாறினான் என்றும் சொல்ல இயலாது. நம் அலுமாரிகளில் சீனக் கோப்பை இருக்கிறது. சீனன் வந்து ஆண்டானா என்ன?

நார்மரின் கற்பலகையில் அரசன் ஒருவனின் தலையைப் பிடித்துக்கொண்டு தண்டாயுதத்தை ஓங்குகிறான். அது வென்றவன் செதுக்குவித்த படம். மேட்டு மண்ணை யாரும் சொல்லிச் செய்விக்கவில்லை. அதில் வியாபாரமும் கலப்பும் தெரிகிறது, ஒரு தீயும் தெரிகிறது. இரண்டில் எதை நம்புவது என்று என்னைக் கேட்டால், நான் மண் பக்கம்.

தங்க உருவங்கள் இப்போது கெய்ரோவில், கண்ணாடிக்குள். மேட்டைச் சுற்றி வயல்.