விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது?

புதிதாக வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்து நாலாம் நாள் செத்துப்போனால் அந்த நட்டம் யாருடைய தலையில் விழ வேண்டும்? விற்றவர் தலையிலா, வாங்கியவர் தலையிலா? கல்முனை பஸாரில் டெப் வாங்கிய பிள்ளைகளும் அவர்களுடைய வாப்பாமாரும் இன்றைக்குக் கேட்கிற இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய 3,750 வருடங்கள்.

இன்றைய ஈராக்கின் தெற்கில் ஒரு பழைய நகரம் இருந்தது. அதன் பெயரே ‘ஊர்’. அங்கே நன்னி என்ற ஒருவர், ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையளவே உள்ள ஒரு களிமண் பலகை அது. காசு வாங்கிக்கொண்டு தரமில்லாத செம்பைக் காட்டினாய், பிடித்தால் எடு இல்லாவிட்டால் போ என்று என் ஆளிடம் சொன்னாய், என்பதுதான் அதன் சாரம். எதிரிகளின் நிலத்தைக் கடந்து காசைத் திருப்பிக் கேட்கப்போன தூதர்கள் பல தடவை வெறுங்கையோடு திரும்பியதையும் நன்னி எழுதியிருக்கிறார். இனிமேல் என் முற்றத்தில் வைத்து நானே பார்த்துத்தான் எடுப்பேன், வேண்டாததைத் தள்ளுவேன் என்று முடிக்கிறார்.

அந்தக் கடிதத்தில் செம்பின் தரத்தைவிட அதிகமாகக் கொதிக்கிற விஷயம் அவமதிப்பு. என்னை யாரென்று நினைத்தாய் என்ற கேள்விதான் வரிக்கு வரி வருகிறது. டெப் பழுதாகி, கடைக்கும் கொம்பனிக்கும் இடையில் அலைந்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. சாமான் பழுது ஒரு வலி. ‘நாளைக்கு வாங்க’ என்பது இன்னொரு வலி.

நன்னி கேட்ட உரிமையைச் சட்டமாக எழுதிவைத்தவர்களில் ரோமர்கள் முக்கியமானவர்கள். ரோம் நகரத்துச் சந்தைக்குப் பொறுப்பாக இருந்த ஈடில்கள் என்ற அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்களுக்கு ஒரு கட்டளை போட்டார்கள். நோயோ குறையோ இருந்தால் விற்கும்போதே சொல்ல வேண்டும். சொல்லாத குறை பிறகு தெரியவந்தால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். அல்லது ஒரு வருடத்துக்குள் விலையைக் குறைக்கும்படி கேட்கலாம். மனிதரையே சாமானாக விற்ற கொடுமையான சந்தை அது. ஆனாலும் ‘மறைந்திருந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு’ என்ற கருத்து அங்கே உறுதியாக வேர்விட்டது. குறை தனக்கே தெரியாது என்று விற்றவர் சொல்லித் தப்ப முடியாது.

நம்முடைய மதரஸாக்களில் பிக்ஹ் ஓதியவர்களுக்கு இதே கருத்து வேறொரு பெயரில் தெரியும். ‘கியாருல் ஐப்’, அதாவது குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் தெரிவு. ‘ஐப்’ என்றால் குறை. இதற்குப் பின்னால் இரண்டு பிரபலமான ஹதீஸ்கள் இருக்கின்றன. ஒன்று, சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்ததை மேலே வைத்து ஆட்களுக்குக் காட்டியிருக்கலாமே என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம். மற்றது, பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் தரும் ஆடு போலக் காட்டி விற்பதைப் பற்றியது. அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு மூன்று நாள் தவணை உண்டு. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆட்டையும், கறந்து குடித்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

இந்த இரண்டாவது ஹதீஸைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘பெட்டியை உடைச்சிட்டீங்க, பாவிச்சிட்டீங்க, இனி எடுக்கேலாது’ என்று கடையில் சொல்கிறார்களே, அதற்கு 1,400 வருடத்துக்கு முந்திய பதில் அது. பாவித்துப் பார்க்காமல் மறைந்திருக்கும் குறை தெரியாது. ஆகவே பாவித்தது குற்றமில்லை. பாவித்ததற்கு நியாயமான ஈடு கொடுத்தால் போதும்.

நமது கரையில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறையைக் கண்டவர் உடனடியாகத் திருப்பிக் கொடுக்க முற்பட வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் தெரிவு போய்விடும். மலபார் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பத்ஹுல் முஈன்’ இலங்கை மதரஸாக்களிலும் ஓதப்படும் கிதாபு. அதிலும் இந்தத் தெரிவுகள் பற்றிய பகுதி இருக்கிறது. ஆனால் இலங்கையில் முஸ்லிம் சட்டம் என்று நீதிமன்றம் ஏற்பது திருமணம், சொத்துரிமை போன்ற விஷயங்களைத்தான். கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுச் சட்டமே. கியாருல் ஐப் இன்றைக்கு வியாபாரியின் மனச்சாட்சியில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பொதுச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், பிறகு தங்கள் ஆட்சிக்குள் வந்த கரையோரங்களில் ரோமன்-டச்சுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஈடில்களின் பழைய கட்டளை அதற்குள் உயிரோடு இருந்தது. 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799 பிரகடனத்தின் மூலம் அந்தச் சட்டத்தைத் தொடர விட்டார்கள். ஆக, இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக நம் நாட்டில் பொருள் வாங்கியவருக்கு ரோமரின் பாதுகாப்பு இருந்தது.

இங்கிலாந்தின் சொந்தப் பழக்கம் வேறு. ‘வாங்குபவன் கவனமாக இருக்கட்டும்’ என்பதே அவர்களுடைய சந்தை நீதி. 1603ஆம் ஆண்டின் ஒரு வழக்கைச் சொன்னால் விளங்கும். மிருகத்தின் வயிற்றில் உருவாகி, நஞ்சை முறிக்கும் என்று நம்பப்பட்ட பெசோவார் கல் என்று சொல்லி, ஒரு பொற்கொல்லர் 100 பவுணுக்கு ஒரு கல்லை விற்றார். அது பெசோவார் கல் இல்லை. வாங்கியவர் வழக்குப் போட்டார், தோற்றார். பெசோவார் கல் என்று சொன்னாரே தவிர, அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லையே என்பதுதான் நீதிமன்றத்தின் காரணம்.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைச் சாமான்கள் பெருகியபோது இந்தக் கடுமை இங்கிலாந்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1893இல் அவர்கள் பொருள் விற்பனைச் சட்டத்தை எழுதினார்கள். மூன்றே வருடத்தில் அதைப் பின்பற்றி இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்தது. அசையும் பொருள்களின் விற்பனையில் ரோமன்-டச்சுச் சட்டத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. 130 வருடம் போன பிறகும் நாம் வாங்கும் டெப்புக்கு அடிப்படைச் சட்டம் அதுதான்.

அதில் நல்லதும் உண்டு. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், சாமான் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். அந்த வகைச் சாமானை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் விற்கும் பொருள், விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் பில்லில் எழுதாவிட்டாலும் உடன்படிக்கைக்குள் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு ஓட்டைகளும் உண்டு. ஒரு பொருளை அதன் வியாபாரப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால், ‘தேவைக்குப் பொருந்த வேண்டும்’ என்ற நிபந்தனை பொருந்தாது. அதோடு, சட்டம் தருகிற இந்த உரிமைகளை இரு தரப்பும் வெளிப்படையாக உடன்பட்டு நீக்கிவிடலாம். வரண்டி அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பது இந்த இரண்டாவது ஓட்டையின் பிள்ளைதான். 1997இல் வந்த நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம்தான் அதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது.

நீதிமன்றத்துக்குப் போவது சாதாரண ஆளுக்கு முடிகிற காரியமா? ஒரு டெப்பின் விலையைவிட வழக்குச் செலவு கூட. 1962 மார்ச் 15இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, பாவனையாளருக்குப் பாதுகாப்பு, தகவல், தெரிவு, தன் குரல் கேட்கப்படுவது என்ற நான்கு உரிமைகள் உண்டு என்று தன் நாட்டுக் காங்கிரஸுக்கு அறிவித்தார். அதன் பிறகு பல நாடுகளில் நீதிமன்றத்துக்கு வெளியே வழி திறந்தது. இலங்கையில் 1979இலும் 1987இலும் வந்த சட்டங்களை நீக்கிவிட்டு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை உருவானது. அதன் 13ஆம் பிரிவு நமக்கு முக்கியம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத சாமானைப் பற்றி முறைப்பாடு செய்யலாம். நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில்தான் இன்றைய சண்டை நடக்கிறது.

டெப் நம் பகுதியில் ஆடம்பரச் சாமான் இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி நம் கரையையே முடக்கியது. வகுப்பு வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது. நகையை வைத்து டெப் வாங்கிய உம்மாமார் உண்டு. 2022இல் ரூபா விழுந்தபோது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. இறக்குமதிச் சாமானின் விலையும் கூடவே ஏறியது. அந்த விலைக்கு வாங்கியது கறுப்புத் திரையாகக் கிடந்தால் ஒரு பிள்ளையின் தவணைப் படிப்பே போகிறது.

எங்கள் குழுவின் வாசிப்பு வட்டத்துக்கு வாங்கிய டெப்பும் ஒன்பதாம் நாள் சார்ஜ் ஏற மறுத்தது. ‘இது கொம்பனிப் பிழை, எங்கட கையில ஒண்டுமில்ல மகன்’ என்றார் கடைக்காரர். கொம்பனியின் இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டுப் போகும். பிறகு கோல் அறுந்துவிடும். ஒருதரம் ஆள் எடுத்தார். கொழும்புக்கு அனுப்புங்கள், 14 வேலை நாள் என்றார். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால். அனுப்பினோம். 14 நாள் 30 ஆனது, 30 நாள் 50 ஆனது. ஒவ்வொரு கோலிலும் புது ஆள், புதுக் கதை. ஆனால் ஒருவர்கூட ‘முடியாது’ என்று சொல்லவில்லை.

அதுதான் இதன் சூட்சுமம். ‘முடியாது’ என்றால் நாம் முறைப்பாடு எழுதுவோம். ‘பார்க்கிறோம்’ என்றால் காத்திருப்போம். காத்திருந்தால் மூன்று மாதம் ஓடிவிடும். ரோமில் ஆறு மாதம், ஹதீஸில் மூன்று நாள், ஷாபிஈயில் உடனடி, 2003 சட்டத்தில் மூன்று மாதம். எல்லாச் சட்டமும் வாங்கியவருக்கு ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. அந்தக் கடிகாரத்தை நம் பக்கத்தில் ஓடவிட்டு வெறுமனே பேசிக்கொண்டிருப்பதே இன்றைய வாடிக்கையாளர் சேவை. 1603இல் பொற்கொல்லருக்கு நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பை இப்போது தாமதம் கொடுக்கிறது.

அரசாங்கமே வாங்கினாலும் இந்தச் சிக்கல் வரும். 2011 ஒக்டோபர் 5இல் இந்திய அரசு மாணவர்களுக்காக ‘ஆகாஷ்’ என்ற மலிவு டெப்பை வெளியிட்டது. டேட்டாவிண்ட் என்ற கொம்பனி செய்தது. வேகம் குறைந்த செயலி, அழுத்தித் தொட வேண்டிய திரை, சீக்கிரம் இறங்கும் பற்றரி என்று முறைப்பாடுகள் குவிந்தன. சோதித்துப் பார்த்து ஏற்க வேண்டிய ராஜஸ்தான் ஐஐடிக்கும் கொம்பனிக்கும் இடையில், எந்த அளவுகோலால் சோதிப்பது என்றே தகராறு. கடைசியில் பொறுப்பு மும்பை ஐஐடிக்குப் போய், 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. எது பழுது என்று தீர்மானிப்பவர் யார் என்பது முதலிலேயே தெளிவாக இல்லாவிட்டால் ஒரு பெரிய அரசாங்கமும் மாட்டிக்கொள்ளும். அப்படியென்றால் சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருக்கும் ஒரு பிள்ளை என்ன செய்யும்?

மருதமுனைக் கைத்தறிச் சாரனில் இழை விட்டிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லலாம். நெய்தவர் அடுத்த தெருவில் இருப்பார். பள்ளியில் முகம் பார்க்க வேண்டிய ஆள் என்பதால் மாற்றித் தருவார். டெப்பின் பழுது உள்ளே பலகையில் இருக்கிறது. செய்தவர் ஷென்சென்னில், இறக்குமதி செய்தவர் கொழும்பில், விற்றவர் கைவிரிக்கிறார். முகம் பார்த்து நடந்த நீதி இந்தத் தூரத்துக்கு எட்டாது. எழுத்துத்தான் எட்டும்.

எங்கள் விஷயத்திலும் அப்படித்தான். 52ஆம் நாள், வாங்கிய திகதி, பில் இலக்கம், எடுத்த கோல்களின் திகதிகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, கடைக்கும் கொம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அதிகாரசபைக்குப் போவோம் என்று அடியில் எழுதினோம். ஐந்தாம் நாள் அவர்களாகவே கோல் எடுத்தார்கள். புதுசு தரவில்லை, காசும் தரவில்லை. பலகை மாற்றிய பழைய டெப்தான் வந்தது. இப்போது ஓடுகிறது.

ஆகவே தம்பி தங்கைமாருக்கு நாங்கள் சொல்வது இதுதான். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. திருத்தக் கொடுக்கும்போது திகதி போட்ட துண்டு வாங்குங்கள். பழுது கண்ட அன்றே எழுத்தில் அறிவியுங்கள். இரண்டு மாதம் தாண்டினால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காமல் அதிகாரசபைக்கு எழுதுங்கள். அதன் துரித இலக்கம் 1977. தமிழில் எழுதலாம். தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பில் உள்ளது. இப்படிக் கேட்பது கடைக்காரக் காக்காவோடு சண்டை பிடிப்பது ஆகாது. கொம்பனியிடமிருந்து அவர் தன் காசை மீட்கவும் உங்கள் கடிதம்தான் அவருக்கு ஆதாரம்.

ஏயா-நாசிர் என்ன பதில் சொன்னார் என்பது தெரியவில்லை. ஆனால் அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் வீட்டில் வேறு ஆட்களின் முறைப்பாடுகளும் கிடைத்திருக்கின்றன. நன்னி வாயால் மட்டும் கத்திவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் எழுதினார்.