காத்திருந்தவர் கையிலிருந்த ஒப்பந்தம்

1902 ஜூனில் சிவசமுத்திர நீர்மின் நிலையத்து மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழி ஓடி கோலார் தங்கவயலுக்கு வந்தது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் தொலைநோக்கு என்று இதைப் புகழ்வது வழக்கம், புகழ்ச்சி நியாயமானதே. ஆனாலும் காத்திருந்த வாடிக்கையாளரே அதைச் சாத்தியமாக்கினார் என்று எனக்குப் படுகிறது. தங்கவயலில் இருந்த ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிராவிட்டால் மைசூர் அரசு அவ்வளவு பணத்தை இறக்கியிருக்குமா? நீராவி இயந்திரங்களுக்கு எரிபொருள் வாங்கி மாளவில்லை. அந்தச் செலவு குறையும் என்பதே சுரங்கக்காரர்களின் ஆவல்.

ஊரே ஆவலாயிருந்தது என்று மறுப்பவர் உண்டு. இருக்கலாம். ஆனால் மின்சாரம் கேட்கப்பட்டது தாதுக்கல்லை இடிக்கும் ஆலைகளுக்கு. தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த தட்டிக் குடிசைகளில் விளக்கேற்ற அல்ல. பெங்களூர்த் தெருக்களோ மின்விளக்குக்கு 1905 வரை பொறுத்திருந்தன.