கோட்டையும் புறக்கோட்டையும்
கொழும்பில் குடியிருத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது ஆசிரியர் ஓய்வறையிலே ஆண்டுதோறும் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. நகரத்துக்குள்ளேயே சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்து வாழ்வதா, அன்றி ஹோமாகமை, கடுவலை போன்ற பகுதியொன்றிலே எட்டுப் பேர்ச் காணி வாங்கி வீடு கட்டிக்கொண்டு நாள்தோறும் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் வந்துபோவதா என்பதே அவ்வினா. ஒருவர் நகரத்துக்காக வாதாடுவார்: வைத்தியசாலை அருகில் உண்டு, நூல்நிலையம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையை நல்ல பாடசாலையிற் சேர்க்கலாம். மற்றவர் புறநகருக்காக வாதாடுவார்: முற்றத்திலே ஒரு முருங்கையாவது நிற்கும், மாதந்தோறும் வாடகையாகக் கரையும் பணம் சொந்த வீடாக நிலைக்கும். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின் இருவரும் தாம் சுயேச்சையாகத் தெரிவு செய்வதாகவே எண்ணிக்கொள்கின்றனர். அத்தெரிவு நம் கைக்கு வருமுன்னரே பல தலைமுறைகளாகப் பிறரால் வகுக்கப்பட்டுவிட்டது என்பதைக் கொழும்பின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

நகரம், புறநகர் என்ற வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்திலே ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என ஒரு காதை அமைந்துள்ளது. பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் மதிலுக்கு உள்ளே நேரே சென்று தங்கவில்லை; வெளியேயுள்ள புறஞ்சேரியிலேயே முதலில் தங்கினர். பின்னர் அவர்கள் அடைக்கலம் பெற்றதும் ஆயர் குடியிருப்பிலேயே. ஊருக்குப் புதியவனை, கைப்பொருள் அற்றவனை, மதிலின் வெளிப்புறமே முதலில் ஏற்றுக்கொண்டது. ‘சேரி’ என்ற சொல்லின் வரலாறும் இங்கு மனங்கொளத்தக்கது. பண்டைய இலக்கியத்தில் மக்கள் சேர்ந்து வாழும் எந்த இடத்தையும் குறித்த அச்சொல், காலப்போக்கில் ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் வாழும் இடத்துக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிவிட்டது. சொல்லின் பொருள் இழிந்ததன்று. சமுதாயம் அம்மக்களை இழிந்த நிலைக்குத் தள்ளியதன் சுவடே அச்சொல்லிற் படிந்துள்ளது.

கொழும்புக்கு வருவோம். 1505ஆம் ஆண்டளவில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் அமைத்த கோட்டையை 1656இல் ஒல்லாந்தரும், 1796இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். கோட்டைக்கு வெளியே அமைந்த குடியிருப்பே புறக்கோட்டை. ஆங்கிலேயர் அதனைப் ‘பெட்டா’ என வழங்கினர். அது நமது ‘பேட்டை’ என்ற சொல்லின் திரிபேயாம். ஆகவே, இன்று நகரத்தின் நெஞ்சம்போல நெருக்குண்டு கிடக்கும் புறக்கோட்டை, அன்று நகரத்தின் புறநகராய் இருந்தது. நகரம், புறநகர் என்பன நிலத்தின் இயற்கைப் பண்புகள் அல்ல. அதிகாரம் எங்கே மதில் எழுப்புகிறதோ அங்கே ஓர் உள்ளும் ஒரு புறமும் தோன்றுகின்றன.

புறக்கோட்டையினும் தெளிவான சான்று கொம்பனித்தெரு. கோட்டைக்குத் தெற்கே பேர வாவியை அடுத்துள்ள அப்பகுதிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரின் பொருள் ‘அடிமைத் தீவு’ என்பதாகும். ஒல்லாந்தர் ஆட்சியிலே பகல் முழுவதும் கோட்டைக்குள் உழைத்த அடிமைகளை இரவானதும் அங்கே கொண்டுசென்று அடைத்தனர். அவர்களுடைய உழைப்பு நகரத்துக்கு வேண்டியிருந்தது. அவர்களோ நகரத்துக்கு வேண்டாதவர்கள். கொழும்பின் குடியிருப்பு வரலாற்றுக்கு இந்த ஒரு நிகழ்ச்சியையே முன்னுரையாகக் கொள்ளலாம். அடிமை முறை ஒழிந்தது. பகலில் அழைத்து இரவில் அகற்றும் முறை வேறு வேறு வடிவங்களில் நீடித்தது.

ஆங்கிலேயர் காலத்திற் கோப்பியும் பின்னர் தேயிலையும் நகரத்தின் உருவத்தை மாற்றின. 1865இல் மாநகரசபைக்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. 1870ஆம் ஆண்டளவிற் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875இல் துறைமுக அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அவ்வேலை முற்றுப்பெற்றது. அதுவரை கொழும்பின் செல்வர்கள் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை ஆகிய வடபகுதிகளிலே கடற்காற்று வாங்கும் மாளிகைகளில் வாழ்ந்தனர். துறைமுகம் வளர்ந்து, நிலக்கரித் தூசும் பண்டசாலைகளும் பெருகியபோது அவர்கள் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வடபகுதியிலே துறைமுகத் தொழிலாளர் நெருங்கிக் குடியேறினர்.

இங்கே ஒரு சொல்லின் இருபொருளை நோக்குக. செல்வர் வாழும் இடமும் தோட்டம். கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் ஒரே நீர்க்குழாயையும் ஒரே மலகூடத்தையும் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒற்றையறை வரிசைகளும் ‘தோட்டம்’. கறுவாத்தோட்டத்தில் ஒரு மாளிகைக்கு வேண்டிய நிலம், மற்றைத் தோட்டங்களில் ஒரு கிராமத்து மக்கள் தொகையைத் தாங்கியது. மாளிகைக்கு உரியவரே சில வேளைகளில் ஒற்றையறைகளுக்கும் உரியவராய் வாடகை வாங்கினர்.

புறநகரை மத்தியதர வர்க்கத்துக்குத் திறந்துவிட்டது புகையிரதம். கரையோரப் பாதை 1870களின் இறுதியில் மொறட்டுவைப் பக்கத்தை எட்டியது. 1895இல் மாத்தறையை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை நுகேகொடை, மகரகமை ஊடாக ஓடத் தொடங்கிற்று. அப்பாதை இறப்பரையும் தேயிலையையும் ஏற்றவே போடப்பட்டது. எழுதுவினைஞர் அதிற் பயணஞ் செய்தது பின்விளைவே. 1899இல் நகரத்துக்குள் டிராம் வண்டிகள் ஓடலாயின. 1905இல் வடபகுதிப் பாதை நிறைவுற்றபோது, யாழ்ப்பாணத்து இளைஞன் அரசாங்க உத்தியோகத்துக்கென ஒரே இரயிலிற் கொழும்பு வந்து சேர்ந்தான். அவனுக்கு வெள்ளவத்தையும் தெஹிவளையும் புகலிடமாயின. போக்குவரத்தே குடியிருப்பைத் தீர்மானித்தது. ஆனால் அப்போக்குவரத்தை இயக்கியவர் நிலையோ வேறு. 1929ஆம் ஆண்டு டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அது மருதானையிலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது.

இக்குழப்பத்துக்குத் திட்டம் வகுக்க அறிஞர் வந்தனர். 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்பைக் கிழக்குலகின் பூங்கா நகராகக் கண்டார். 1948இல் பற்றிக் அபர்குரொம்பி, இராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களிலே துணைநகரங்கள் அமைக்க ஆலோசனை கூறினார். துணைநகர் என்னும் கருத்தின் உயிர்நாடி, தொழிலும் வீடும் ஒரே இடத்தில் இருத்தலேயாகும். இரத்மலானைக்குத் தொழிற்சாலைகள் ஓரளவு சென்றன. மற்றப்படி, வீடுகள் வெளியே சென்றன. தொழில்கள் நகரத்திலேயே நின்றன. நகரமாக மலர வேண்டியிருந்த ஊர்கள் வெறும் உறங்குமிடங்கள் ஆயின.

இடதுசாரிகள் இவ்வினாவை ஒருமுறை கையிலெடுத்ததையும் மறத்தலாகாது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராய் இருந்தபோது, 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் நிறைவேறிற்று. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகை வரையறுக்கப்பட்டது. மிகுதி வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றுக்கு உரிமையாளராக வழி பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வாடகை கொடுத்தவர்கள் தம் கூரைக்குத் தாமே உரியவராயினர். எனினும் இருந்த வீடுகளின் உரிமையை மாற்றியது போலத் தேவையான புதிய வீடுகளை எழுப்ப அச்சட்டம் போதவில்லை. குறை அதன் நோக்கத்தில் அன்று. அது பாதி வழியில் நின்றதிலேயே உண்டு.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 1982இல் பாராளுமன்றம் கோட்டே நகரின் சதுப்பு நிலத்தின் நடுவே எழுந்த புதிய கட்டடத்துக்குச் சென்றது. அதனைச் சுற்றிலும் காணி விலை ஏறியது. வயலும் சதுப்பும் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. மழைநீர் தங்குவதற்கென இயற்கை ஒதுக்கிய இடத்திலே மனிதர் தங்கினால், நீர் மனிதர் வீட்டிலே தங்கும். 2010 நவம்பரிற் பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் மூழ்கியது. 2016 மே மாதத்திற் களனி பெருகிக் கொலன்னாவை மக்களை வீடிழக்கச் செய்தது. அதே கொலன்னாவைப் பகுதியில், 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குப்பை அவர்களுடையதன்று. நகரம் தன் கழிவைப் புறநகருக்கு அனுப்பியது. புறநகர் தன் உயிரைக் கொடுத்தது.

தமிழ் பேசும் மக்களுக்கு இவ்வினாவில் இன்னோர் எடையும் உண்டு. வாடகை, தூரம், காற்று என்பவற்றைக் கணக்கிடுமுன்னர் அவர்கள் அச்சத்தைக் கணக்கிட நேர்ந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே, புறநகரில் தனித்தனியே வீடு வாங்கி வாழ்ந்த குடும்பங்கள் எளிதில் இலக்காயின. அயலவரான சிங்கள மக்கள் பலர் தம் உயிரையும் பொருட்படுத்தாது அவர்களைக் காத்தனர் என்பதும் வரலாறே. எனினும் அதன்பின் பலர் வெள்ளவத்தை போன்ற இடங்களிலே நெருங்கி வாழ்வதையே பாதுகாப்பெனக் கொண்டனர். நெருக்கம் வாடகையை உயர்த்தியது, தொடர்மாடிகள் எழுந்தன, அச்சத்திலிருந்தும் இலாபம் பிறந்தது. அந்த நகரமும் நிச்சயமான புகலிடமாக இருக்கவில்லை. 2007 ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தைவிட்டு அகற்றப்பட்டனர். உயர் நீதிமன்றம் மறுநாளே அச்செயலுக்குத் தடை விதித்தது. கொம்பனித்தெருவின் பழைய முறை எத்துணை நீண்ட ஆயுளுடையது!

மக்கள் தொகைக் கணக்கும் இதனையே பேசுகிறது. 1971இல் கொழும்பு மாநகரத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 5,62,000 பேர். 2012இல் ஏறத்தாழ 5,61,000 பேர். நாற்பது ஆண்டுகள் கழித்தும் தொகை அதே இடத்தில் நிற்கிறது. நகரத்தின் செல்வமும் கட்டடங்களும் பன்மடங்கு பெருகிய காலத்திற் பெருகிய மக்கள் எங்கே சென்றனர்? 2012இல் கடுவலை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ 2,52,000 பேர் வாழ்ந்தனர் என்பதே விடை. உள்ளே எஞ்சிய ஏழைகளின் நிலமும் விலைபெறும் பண்டமாயிற்று. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் தோட்டவாசிகள் பலர் தம் நிலத்தைவிட்டு உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவதே அதன் தீர்வு என 1872இல் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். அவர் கொழும்பைக் கண்டவரல்லர். ஆயினும் கொழும்பு அவர் கூற்றைக் கண்டது.

இனி ஓய்வறை வினாவுக்குத் திரும்புவோம். என் வகுப்பிலே முதற் பாடவேளையில் மேசையிற் தலைசாய்க்கும் மாணவன் ஒருவன் உண்டு. சோம்பல் எனக் கடிந்த பின்னரே, அவன் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறி வருபவன் என அறிந்து நாணினேன். முதலாம் வகுப்புச் சேர்க்கையிலே பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு முன்னுரிமை உண்டு. அவ்விதி நீதியானதாகவே தோன்றும். ஆயின் நல்ல பாடசாலைகள் விலையுயர்ந்த காணிகளின் நடுவே நிற்கும்போது, அருகில் வசித்தல் என்பது பணம் படைத்திருத்தல் என்பதன் மறுபெயர் ஆகிவிடுகிறது. இலவசக் கல்விக்கு நாம் வாடகையாகக் கட்டணஞ் செலுத்துகிறோம்.

ஆதலின் என் நண்பர்க்கு நான் கூறக்கூடியது இது. உமது குடும்பத்துக்கு எது இயலுமோ அதனைச் செய்க, அதிலே குற்றமில்லை. ஆனால் உமது தனிப்பட்ட தீர்மானத்தோடு வினா முடிந்துவிட்டதாக எண்ணற்க. கடுவலைப் பிள்ளைக்குக் கடுவலையிலேயே நல்ல பாடசாலை வேண்டும். தொழில் செய்யும் இடத்துக்கு அண்மையிலே தொழிலாளி வாழத்தக்க வாடகையில் வீடு வேண்டும். நேரத்துக்கு வரும் புகையிரதம் வேண்டும். சதுப்பு சதுப்பாகவே கிடக்க வேண்டும். எந்த மொழி பேசுவோரும் எந்தத் தெருவிலும் அச்சமின்றிக் கதவு திறந்து உறங்க வேண்டும். இவை கிட்டும்வரை நகரமா, புறநகரா என்பது எத்துன்பத்தை ஏற்பது என்ற வினாவேயாகும். கிட்டிய பின்னரே அது தெரிவு எனும் பெயருக்கு உரியதாகும்.

கோட்டை மதில் இடிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. புறக்கோட்டை இன்னும் புறக்கோட்டையாகவே இருக்கிறது.