குடும்பியா, தொப்பியா?

சூரியன் உதிக்கிறதைப் பார்க்க இரவோடிரவா கிரானிலயிருந்து வெளிக்கிட்டோம். வாவிக்கரையில வளர்ந்த எங்களுக்கு அது எப்பவும் கடலுக்குள்ள இருந்துதான் வரும். மலையில நிண்டு பார்த்ததில்லை.

குடுமி முடிஞ்ச தலைபோல இருப்பதால் நம்மட ஆக்களுக்கு அது குடும்பிமலை. வெள்ளைக்காரன் அதில் பிரபுவின் தொப்பியைக் கண்டான்: 'பரன்ஸ் கப்'. சிங்களத்திலும் தொப்பிகல. 2007 ஜூலை 11இல் புலிகளிடமிருந்து படையினர் அதைக் கைப்பற்றியபோது உலகச் செய்திகளில் ஏறியதும் தொப்பிதான். இப்ப மரபுரிமைப் பூங்கா.

வழியில தேத்தண்ணி தந்த பெரியவர், "எங்க மனே, குடும்பிமலைக்கா?" எண்டார். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு மேய்ச்சல்தரைக்காகச் சித்தாண்டியில் போராடத் தொடங்கின மாட்டுக்காரரில் அவரும் ஒராள்.

விடிஞ்சுது. படமெடுத்தோம். இடப்பெயரை மட்டும் நாங்களே எழுதினோம்: குடும்பிமலை.