கொடுமுடி தந்த குரல்

காவிரிக் கரையில் அமைந்த பாண்டிக்கொடுமுடி, தேவாரப் பாடல் பெற்ற திருத்தலமாகும். முன்னைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவரைப் பக்திப் படங்களின் நடிகையார் என்றே பலரும் கருதுவர். அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வறுமையில் வளர்ந்த அவர் இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைக்கோடி வரை பாட்டுச் சென்றெட்ட வேண்டும். ஆதலின் நடிகரின் தகுதியை அளந்த கோல் குரலே. குரல் வாய்த்தவர்க்கு வேடம் தடையாகவில்லை. ஆடவர் பெண்வேடம் பூண்டதும், மகளிர் ராஜபார்ட் ஏற்றதும் அம்மேடையின் வழக்கமே. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றிய 'வள்ளி திருமணம்' நாடகத்தில், இரு பெருங்குரல்களின் போட்டியைக் கேட்கவே மக்கள் திரண்டனர். வாழ்விலும் இருவரும் இணைந்தனர்.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். காதற்கதையே கதையாக வளர்ந்துவந்த திரைத்துறையில் இவ்வுறுதி அவர்தம் தொழிலையே முடித்திருத்தல் கூடும். ஆயின் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பர். அது திரைக்குப் புதுமை, மேடைக்குப் பழக்கம். பின்னர் 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964) ஆகிய படங்களில் முறையே மணிமேகலையாகவும் ஔவையாகவும் கவுந்தியடிகளாகவும் விளங்கினார்.

தேசிய இயக்கத்திற்கும் அக்குரல் பயன்பட்டது. 1951இல் அவர் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' (1969) படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 1980இல் மறைந்தார்.

இவற்றை ஒருங்கு நோக்கின், துறவியும் மூதாட்டியுமாகிய பாத்திரங்களை அவருக்கு உரியனவாக்கியது பக்தி ஒன்றே அன்று என்பது புலனாகும். துயரம் காதற்பாத்திரங்களின் வாயிலை அடைத்தது. இசைநாடகப் பயிற்சியோ வேறொரு வாயிலைத் திறந்தது. இதனால் நேர்ந்த இழப்பையும் மறத்தலாகாது. கிட்டப்பா திரையில் தோன்றாமலே மறைந்தமையின், வள்ளியும் முருகனுமாக அவ்விருவரும் பாடிய மேடைக்காட்சி எப்படத்திலும் பதிவாகவில்லை. திரையில் நாம் காணும் சுந்தராம்பாள், அம்மேடையின் எஞ்சிய பாதியே ஆவார்.