கண்மூடிக் கவாத்து: கிண்டியில் கிடைத்த விடை

2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பம்மலின் பிரதான சாலை, பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் நடுவே ஓடுவது. சாயங்கால நெரிசலில் அங்கே ஒரு கேமராவைக் கட்டினால், அதற்குக் கைநிறைய வேலை இருக்கும். மாநகரப் பேருந்து, அதை ஒட்டியே வரும் ஷேர் ஆட்டோ, கிடைத்த சந்தில் நுழையும் டூவீலர், எதற்கும் அசையாத மாடு. படத்தில் இவை ஒவ்வொன்றையும் கட்டம் போட்டு இன்னதென்று சொல்லும் மென்பொருள்தான் ஆப்ஜெக்ட் டிடெக்டர். சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, வண்டி தாண்டிப் போவதற்குள் சொல்லியாக வேண்டும்.

அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு இந்த மென்பொருள்கள் ஒருகாலத்தில் பருத்துக் கிடந்தன. 2014-இல் ஆக்ஸ்போர்டில் உருவான விஜிஜி-16 என்ற நியூரல் நெட்வொர்க்கில் பயிற்சியில் கற்ற 13.8 கோடி எண்கள். சேமித்து வைக்கவே 500 எம்பிக்கு மேல் இடம் வேண்டும். சின்னப் படம் ஒன்றைப் பார்த்து முடிக்க ஏறக்குறைய 1,500 கோடிப் பெருக்கல்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2015-இல் இதன்மீது கட்டிய 'ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என்' என்ற டிடெக்டருக்குப் பெயரில்தான் வேகம். நல்ல ஜிபியுவிலேயே நொடிக்கு 5 படங்கள்தான் பார்த்தது. கம்பத்தில் மாட்டும் பெட்டிக்கு இது கட்டுப்படியாகாது.

வேண்டாத எண்களைக் கழித்துவிடலாமே என்ற யோசனை அதைவிடப் பழையது. 1989-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் லெகுன், ஜான் டென்கர், சாரா சொல்லா மூவரும், கையெழுத்து இலக்கங்களைப் படிக்கும் நெட்வொர்க் ஒன்றைக் கவாத்து செய்தார்கள். எந்த எண்ணை எடுத்தால் பிழை எவ்வளவு கூடும் என்பதை இரண்டாம் வகையீட்டால் மதிப்பிட்டு, பாதிப்புக் குறைந்ததை நீக்கினார்கள். எண்கள் நான்கில் ஒரு பங்காகின. கட்டுரைக்கு 'ஆப்டிமல் பிரெய்ன் டேமேஜ்' என்று தலைப்பிட்டார்கள். குறும்புக்காரர்கள்தான்.

2012-இல் படங்களை வகைப்படுத்தும் அலெக்ஸ்நெட் வந்து நெட்வொர்க்குகள் ஊதிப் பெருத்த பிறகு, அந்த யோசனைக்குப் புதுத் தேவை வந்தது. 2015-இல் சாங் ஹான் குழு அலெக்ஸ்நெட்டின் 6.1 கோடி எண்களை 67 லட்சமாகக் குறைத்தும் துல்லியம் குறையவில்லை. அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூரஜ் ஸ்ரீநிவாஸும் வெங்கடேஷ் பாபுவும், ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் நியூரான்களில் ஒன்றை விட்டு மற்றதை நீக்கும் வழியைச் சொன்னார்கள். பயிற்சித் தரவே இல்லாமல்!

ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்களை எடுத்தால் அவற்றின் அட்டவணை ஓட்டையாகுமே தவிர, சாதாரண ஜிபியுவில் வேகம் அவ்வளவாகக் கூடாது. அதனால், படத்தில் ஒரு வடிவத்தைத் தேடும் எண்தொகுதியான ஃபில்டரையே முழுசாக எடுக்கும் முறை வந்தது. விஜிஜி-16-இன் முதல் அடுக்கில் 64 ஃபில்டர்கள். ஒவ்வொன்றும் 27 எண்கள். ஒரு ஃபில்டர் போனால் அது தரும் படமும் போகும், அந்தப் படத்தை வாங்கிக் கணக்கிடும் அடுத்த அடுக்கின் எண்களும் சேர்ந்து போகும். எந்த ஃபில்டரை எடுப்பது? அங்கேதான் போட்டி. எண்களின் கூட்டளவு சிறியதா, அடிக்கடி சுழியம் தருகிறதா என்று ஆளுக்கொரு தரவரிசை சொன்னார்கள்.

இந்தப் போட்டியைக் கேலிக்கூத்தாக்கிய ஆய்வு, பம்மலுக்குக் கிழக்கே, கிண்டிக் காட்டை ஒட்டிய ஐஐடி மெட்ராஸிலிருந்து 2018-இல் வந்தது. தீபக் மித்தல், ஸ்வேதா பரத்வாஜ், மிதேஷ் கப்ரா, பாலராமன் ரவீந்திரன் நால்வரும் எந்தத் தரவரிசையும் பார்க்காமல், குலுக்கல் முறையில் 25 முதல் 50 சதவீத ஃபில்டர்களை நீக்கினார்கள். மிச்சத்துக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். நுட்பமான முறைகளுக்குக் கிடைத்த அதே பலன்! படத்தை வகைப்படுத்துவதோடு நிற்காமல் ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என்னிலும் சோதித்தார்கள். துல்லியம் மாறாமல் நொடிக்கான படங்கள் 74 சதவீதம் கூடின. முன்பு 10 படம் பார்த்த நேரத்தில் இப்போது 17.

ஆக, வெட்டும் கத்தியின் சாமர்த்தியம் அல்ல, வெட்டுப்பட்டது மறுபயிற்சியில் தேறிவிடும் குணமே காரணம் என்றது அந்தக் கட்டுரை. ஆண்டுக்கணக்கில் தரவரிசை வகுத்தவர்களுக்கு இது கசந்திருக்கும்.

மறுபயிற்சிதான் தேற்றுகிறது என்றால், எந்தப் படங்களை வைத்து அதைக் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயமாகிறது. டிடெக்டர்களுக்கு உலகமெங்கும் பாடப்புத்தகமாக இருக்கும் கோகோ தரவுத்தொகுப்பின் 80 வகைகளில் வரிக்குதிரை உண்டு, ஒட்டகச்சிவிங்கி உண்டு, ஆட்டோ கிடையாது. அந்தக் குறையைப் போக்க 2018-இல் ஹைதராபாத் ஐஐஐடி முன்னின்று வெளியிட்ட ஐடிடி தொகுப்பில் சுமார் 10,000 படங்கள். ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு. படங்கள் ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் சுற்றுவட்டாரச் சாலைகளில் எடுத்தவை. சென்னைப் புறநகரில் கேமரா கட்டுபவர்கள் தங்கள் தெருப் படங்களையும் மறுபயிற்சிக்குக் கொடுக்கட்டும்.